எழுதச் சொன்னால் நோட்டைக் கிழிக்கும் மாணவன்: வகுப்பாசிரியை என்ன செய்யலாம்?

கேள்வி: நான்காம் வகுப்புக்கு வகுப்பாசிரியையாக இருக்கிறேன். மொத்தம் 36 பிள்ளைகள். அவர்களில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வாரத்துக்கு மூன்று நான்கு முறை நோட்டைக் கிழிக்கிறான், நாற்காலியைத் தள்ளிவிடுகிறான், மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வர மறுக்கிறான். பெரும்பாலும் காலை இரண்டாவது பீரியடில், கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதச் சொல்லும்போது. வாய்க்கணக்கு கேட்டால் முதலில் கை தூக்குபவன் அவன்தான். கதை நேரத்திலும் விளையாட்டிலும் தொந்தரவே இல்லை. கோபம் வருவதற்கு முன்னால் பென்சிலை அழுத்தி அழுத்தி முனையை உடைப்பான். வெளியே நிறுத்தினால் பத்து நிமிடத்தில் அமைதியாகிவிடுகிறான். மறுநாள் மீண்டும் அதே கதை. பெற்றோரைக் கேட்டால் 'வீட்டில் நன்றாகத்தானே இருக்கிறான்' என்கிறார்கள். மூன்று நாள் சஸ்பெண்ட் செய்யலாம் என்கிறார் தலைமை ஆசிரியர். எங்கள் பள்ளியில் கவுன்சலர் இல்லை. மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்கள். இவனுக்கு மனநலப் பிரச்சினையா? நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. எப்போது நடக்கிறது என்பதோடு நிறுத்தாமல், எப்போது நடப்பதில்லை என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். எப்போதும் முன்கோபம் உள்ள பிள்ளை என்றால் விளையாட்டில் தோற்கும்போதும், வரிசையில் யாராவது இடிக்கும்போதும் அது வெளிப்பட்டிருக்கும். இவனுக்கு அப்படி இல்லை. எழுத்து வேலையில் ஏதோ ஒன்று அவனுக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது, அதை வாயால் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மனநலப் பிரச்சினையா என்ற கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

வெளியே நிறுத்தியதும் அமைதியாகிறான் என்கிறீர்கள். அவனை அமைதிப்படுத்துவது தண்டனை அல்ல, எழுத வேண்டிய வேலை நின்றுபோவதுதான். அவன் திட்டம் போட்டுச் செய்கிறான் என்று இதற்குப் பொருள் இல்லை. நோட்டைக் கிழித்தால் அந்தத் தவிப்பு தீர்கிறது என்பதை அவன் உடம்பு பழகிவிட்டது, அவ்வளவுதான். மூன்று நாள் சஸ்பெண்ட் செய்தால் பத்து நிமிட விடுதலை மூன்று நாளாக நீளும். திரும்பி வரும்போது விட்டுப்போன எழுத்து வேலையும் சேர்ந்து நிற்கும். தலைமை ஆசிரியரிடம் இந்தக் காரணத்தை அப்படியே சொல்லி, ஆறு வாரம் அவகாசம் கேளுங்கள். வெறும் அவகாசமாகக் கேட்டால் கிடைக்காது. வாரா வாரம் எண்ணிக்கை காட்டுகிறேன் என்று சொல்லிக் கேளுங்கள்.

அந்த எண்ணிக்கைக்கு ஒரு சின்ன நோட்டு போதும். ஒவ்வொரு சம்பவத்துக்கும் மூன்று விஷயங்கள்: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பின்னால் என்ன நடந்தது. நேரம் கட்டாயம் வேண்டும். இப்படி இருக்கலாம்: 'செவ்வாய் 10.20. பலகையில் ஏழு வரி. மூன்றாவது வரியில் பென்சில் முனை உடைந்தது. சீக்கிரம் எழுது, எல்லாரும் முடிச்சாச்சு என்றேன். நோட்டைக் கிழித்தான். வெளியே நிறுத்தினேன். 10.32க்கு அமைதி. மீதி வரிகளை எழுதவில்லை.' 'அடம் பிடித்தான்', 'திமிராக நடந்தான்' என்பவை உங்கள் கருத்து. அவை இந்த நோட்டில் வேண்டாம். ஆறு முதல் எட்டு சம்பவங்கள் சேரும்வரை, ஏறக்குறைய இரண்டு பள்ளி வாரம், எழுதுங்கள். எழுத்து வேலை இருந்தும் ஒன்றும் நடக்காத நாட்களையும் விடாமல் எழுதுங்கள். பெரும்பாலானோர் இதை எழுதுவதில்லை, ஆனால் அதிகம் சொல்வது இந்தப் பதிவுதான். அன்று வரிகள் குறைவாக இருந்தனவா, பக்கத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தார்களா, நீங்கள் 'சீக்கிரம்' என்ற சொல்லைச் சொல்லாமல் இருந்தீர்களா என்று பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அதே இரண்டு வாரத்தில் இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். ஒரே அளவான, ஒரே கடினமான ஏழு வரிகள் மூன்று தொகுதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பலகையைப் பார்த்து எழுதட்டும். இன்னொரு நாள் தாளில் அச்சிட்டு மேசை மேலேயே வைத்துப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது நாள் எழுதவே வேண்டாம், படித்துவிட்டு வாயால் சொல்லட்டும். மேசை மேல் உள்ள தாளைப் பார்த்துச் சரியாக எழுதுகிறான், பலகை மட்டும் சிக்கல் என்றால் முதல் சந்தேகம் கண் பார்வை. இரண்டு விதமாகவும் எழுத முடியவில்லை, வாயால் மட்டும் நன்றாகச் சொல்கிறான் என்றால் கையெழுத்திலோ எழுத்துக்கூட்டுவதிலோ சிக்கல் இருக்கலாம். வாசிக்கவே திணறுகிறான் என்றால் சிக்கல் வாசிப்பில் இருக்கிறது. இது எதையும் உறுதியாக நிரூபிக்காது. எந்த நிபுணரிடம் முதலில் போவது என்று வழிகாட்டும், அவ்வளவே. பலகையைப் பார்த்து எழுதுவது பெரியவர்களுக்குத் தோன்றுவது போல எளிய வேலை அல்ல. தூரத்தில் பார்த்து, வரியை மனதில் நிறுத்தி, கண்ணைக் கீழே கொண்டுவந்து, விட்ட இடத்தைக் கண்டுபிடித்து, எழுத்தின் வடிவத்தை நினைவுக்குக் கொண்டுவந்து, கையை ஓட்டி, திரும்பவும் நிமிர்ந்து சரியான வரியைத் தேட வேண்டும். இதில் ஒரு கண்ணி பலவீனமாக இருந்தால் போதும், மூன்றாவது வரிக்குள் பிள்ளை களைத்துவிடும். வாய்க்கணக்கில் முதலாவதாக வரும் பையனுக்கு எழுத்தில் கடைசியாக நிற்பது எவ்வளவு அவமானமாக இருக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

கண், காது பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். தூக்கத்தையும் கேளுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் தேவை. எட்டு மணிக்கும் குறைவாகத் தூங்கி வரும் பிள்ளைக்கு இரண்டாவது பீரியடே மலைப்பாக இருக்கும்.

காரணம் முழுதாகத் தெரியும்வரை காத்திருக்காமல் வேலையின் அளவை இன்றே மாற்றலாம். பலகைக்கு நேர் எதிரே, முன்வரிசையில் உட்காரவையுங்கள். ஏழு வரிக்குப் பதில் மூன்று வரி. மீதி நான்கு வரிகள் அச்சிட்ட தாளில் இருக்கட்டும், முக்கியச் சொற்களுக்கு மட்டும் கோடிட்ட இடம் விட்டு அவனை நிரப்பச் சொல்லுங்கள். தாளை இரண்டாக மடித்துக் கொடுத்தால் ஒரு நேரத்தில் பாதி வேலைதான் கண்ணில் படும். 'அவனுக்கு மட்டும் ஏன் குறைவு?' என்று மற்ற பிள்ளைகள் கேட்பார்கள். 'ஒவ்வொருத்தருக்கும் எது கஷ்டமோ அதில் நான் உதவி பண்ணுவேன், உனக்கு வேணும்னாலும் பண்ணுவேன்' என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகருங்கள். விளக்கம் நீண்டால் அவன் வகுப்பின் பேச்சுப் பொருளாகிவிடுவான்.

அடுத்தது, கிழிப்பதற்குப் பதிலாக அவன் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லிக்கொடுப்பது. அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிப்படையானது. பாடம் கடினமானதால் ரகளை செய்த பிள்ளைகளுக்கு 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லி உதவி கேட்கவும், கவனத்துக்காக ரகளை செய்த பிள்ளைகளுக்கு 'நான் நன்றாகச் செய்கிறேனா?' என்று கேட்கவும் பழக்கினார்கள். ரகளை வெகுவாகக் குறைந்தது. காரணத்துக்குப் பொருந்தாத வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. மேலே சொன்ன பதிவை வலியுறுத்துவது இதற்காகத்தான். பக்கத்துப் பள்ளியில் பலித்த உத்தி உங்கள் வகுப்பில் பலிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இந்தப் பொருத்தமின்மையே காரணம்.

உங்கள் மாணவனுக்கு இரண்டு வகை அட்டைகள் போதும். ஒன்றில் 'உதவி வேண்டும்', இன்னொன்றில் 'இரண்டு நிமிட ஓய்வு'. ஓய்வு அட்டை ஒரு நாளைக்கு ஆறு. எண்ணிக்கை தாராளமாக இருக்கட்டும். தீர்ந்துவிடுமோ என்று அவன் பயந்தால் பழைய வழிக்குத்தான் போவான். அட்டையைப் பயன்படுத்துவதை அமைதியான நேரத்தில், மற்றவர்கள் இல்லாதபோது, நாலைந்து முறை ஒத்திகை பாருங்கள். முதல் இரண்டு வாரம் அவன் அட்டையைக் காட்டிய உடனே ஓய்வு கிடைக்க வேண்டும். 'இந்த வரியை முடிச்சிட்டுப் போ' என்று ஒருமுறை சொன்னாலும் அட்டை வேலை செய்யாது என்று அவன் முடிவு கட்டிவிடுவான். மூன்றாவது வாரத்திலிருந்து 'ஒரு வரி எழுதிட்டு எடுத்துக்கோ' என்று மெதுவாக நீட்டலாம். ஓய்வு முடிந்து அவன் வந்து உட்காரும்போது வேலை அங்கேயே காத்திருக்க வேண்டும், கொஞ்சமாகவாவது. அவன் எழுந்து போன நேரத்தில் யாராவது நோட்டை மூடி எடுத்துவைத்துவிட்டால் இந்த ஏற்பாட்டின் பயனே போய்விடும்.

பென்சில் முனை உடைவதை நீங்கள் கவனித்திருப்பது பெரிய விஷயம். தலையிட வேண்டிய நேரம் அதுதான். கிழித்த பிறகு அல்ல. சீவிய பென்சில் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். முனை உடைந்ததும் பக்கத்தில் போய், மேலிருந்து குனிந்து பேசாமல், அவன் உயரத்துக்கு உட்கார்ந்து, பென்சிலை மேசையில் வைத்து, 'இந்த ரெண்டு வரி மட்டும் போதும். முடிச்சிட்டுக் கை தூக்கு' என்று அவனுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். நின்று பார்க்க வேண்டாம். 'என்ன ஆச்சு?', 'ஏன் எழுதல?' என்ற கேள்விகள் அந்த நேரத்தில் இன்னொரு பாரம்.

இத்தனைக்குப் பிறகும் சில நாட்கள் வெடிக்கும். அப்போது எதையும் கற்பிக்க முடியாது. அறிவுரை, எச்சரிக்கை, 'அப்பாவைக் கூப்பிடட்டுமா?' எதுவும் அவன் காதில் ஏறாது. இரண்டு கை தூரம் விட்டு, நேருக்கு நேர் நிற்காமல் பக்கவாட்டில், அவன் வெளியேறும் வழியை மறைக்காமல் நில்லுங்கள். 'நான் இங்கேதான் இருக்கேன்' என்று ஒருமுறை சொல்லுங்கள், பிறகு குறைந்தது பத்து நொடி மௌனம். மேசைக்கு அடியில் போனால் போகட்டும். அது அவனுக்குப் பாதுகாப்பான இடம். கையைப் பிடித்து இழுத்தால்தான் அடிதடி ஆகும். அடி உதை பெரும்பாலும் வலுக்கட்டாயமாக நகர்த்தும்போது வருகிறது, தானாக வருவது குறைவு. நாற்காலி பறக்கும் நிலை என்றால் அவனை நகர்த்துவதை விட மற்ற 35 பேரை நகர்த்துவது எளிது, பாதுகாப்பும்கூட. அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். சிவப்பு அட்டை ஒன்றை ஒரு பிள்ளை பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் உடனே வந்து மற்றவர்களை அழைத்துப்போவார் என்று பேசிவைத்து, தீயணைப்புப் பயிற்சி போல ஒருமுறை செய்தும் பாருங்கள்.

சத்தம் நின்றதும் அவன் சரியாகிவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். உடம்பு தணிய அரை மணிகூட ஆகலாம், சில பிள்ளைகளுக்கு அதற்கும் மேல். இந்த இடைவெளியில் நோட்டை நீட்டினாலோ மன்னிப்புக் கேட்கச் சொன்னாலோ இரண்டாவது முறை வெடிக்கலாம், அது முதலாவதை விடப் பெரிதாகவும் இருக்கலாம். குடிக்கத் தண்ணீர், வண்ணம் தீட்டுவது, புத்தகங்களை அடுக்குவது போன்ற யோசிக்கத் தேவையில்லாத வேலை போதும். அதற்குப் பிறகு பேசுங்கள், எதிரெதிராக உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து. 'என்ன நடந்துச்சு? அப்போ உனக்கு எப்படி இருந்துச்சு? யாருக்கு என்ன கஷ்டமாச்சு? இப்போ என்ன பண்ணினா சரியாகும்?' இந்த நான்கே கேள்விகள். 'ஏன் செய்தாய்?' வேண்டாம். ஒன்பது வயதில் அதற்கு விடை தெரியாது. தெரியாத கேள்விக்குப் பொய்யோ மௌனமோதான் வரும். சிதறிய தாள்களை அவனே பொறுக்கட்டும், கிழிந்த நோட்டை உங்களோடு சேர்ந்து ஒட்டட்டும். கட்டாயப்படுத்தி வாங்கும் 'சாரி'யை விட இது மேல். கடைசியாக, விட்ட எழுத்து வேலையில் ஒரே ஒரு வரியை அன்றைக்கே எழுதச் செய்யுங்கள். கிழித்தால் எழுத்து வேலையிலிருந்து தப்பிக்கலாம் என்ற தொடர்பு இந்த ஒரு வரியில்தான் அறுபடும்.

மற்ற பிள்ளைகளின் பயத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவனைப் பற்றி அவர்களிடம் விளக்க வேண்டியதில்லை. 'யாருக்காவது ரொம்பக் கோபம் வந்தா நாம என்ன பண்ணணும்?' என்று பொதுவாகப் பேசி, எங்கே போவது, யாரிடம் சொல்வது என்பதை மட்டும் தெளிவாக்குங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: சத்தம் போடும் பிள்ளை ஆசிரியரின் பார்வை முழுவதையும் எடுத்துக்கொள்வதால், சத்தமே போடாமல் வாடும் பிள்ளை தவறிப்போகும். இரண்டாவது பீரியடில் அடிக்கடி வயிற்று வலி என்பவள், இடைவேளையில் தனியாக நிற்பவன், பேச்சே குறைந்துபோனவள் என்று யாராவது இருந்தால் அவர்கள் பெயரையும் உங்கள் நோட்டில் குறித்துவையுங்கள்.

பெற்றோர் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். வீட்டில் யாரும் அவனிடம் ஏழு வரி பார்த்து எழுதச் சொல்வதில்லை, அதனால் அங்கே நன்றாகத்தான் இருப்பான். 'வீட்டில் எப்படி?' என்று கேட்காமல் 'வீட்டுப்பாடம் எழுதும்போது எப்படி, எவ்வளவு நேரம் ஆகிறது, யார் பக்கத்தில் இருக்கிறார்கள்?' என்று கேளுங்கள். சந்திப்பை அவன் வாய்க்கணக்கில் காட்டும் திறமையிலிருந்து தொடங்குங்கள். புகார் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள் அதைக் கேட்டதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். பிறகுதான் உண்மையான தகவல் வரும். நோட்டில் உள்ள பதிவைக் காட்டுங்கள். பள்ளியில் நடந்ததற்கு வீட்டில் இன்னொரு தண்டனை வேண்டாம் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது மனநலப் பிரச்சினையா என்ற கேள்வி. ஆசிரியர் நோய்ப் பெயர் சூட்டக் கூடாது. ஆனால் நிபுணரிடம் கொண்டுபோகத் தகுந்த தகவலைச் சேர்க்கலாம். பிரிட்டிஷ் குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட 'பலங்களும் சிரமங்களும்' வினாத்தாள் உலகமெங்கும் பயன்படுகிறது. 25 கேள்விகள். உணர்ச்சி, நடத்தை, துறுதுறுப்பும் கவனமும், சக பிள்ளைகளோடு பழகுதல், பிறருக்கு உதவும் குணம் என்று ஐந்து பிரிவுகளுக்கு ஐந்து ஐந்து கேள்விகள். ஆசிரியருக்குத் தனிப்படிவம், பெற்றோருக்குத் தனிப்படிவம். இரண்டையும் நிரப்பி, உங்கள் நோட்டோடு, பெற்றோரின் சம்மதத்துடன் குழந்தை மனநல நிபுணரிடமோ குழந்தை நல மருத்துவரிடமோ கொடுங்கள்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் ஆறு வாரம் காத்திருக்கவே கூடாது: தன்னையே காயப்படுத்திக்கொள்வது, 'செத்துப் போகணும்' போன்ற பேச்சு, உடம்பில் காரணம் சொல்ல முடியாத காயங்கள், வீட்டுக்குப் போகப் பயம். இரண்டு வாரத்துக்கும் மேலாக விளையாட்டு, தோழர்கள், சாப்பாடு எதிலும் நாட்டம் இல்லாமல் போனாலும் தாமதிக்க வேண்டாம். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அவனைத் தனியாக விடாதீர்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள். 'யார் அடிச்சாங்க, மாமாவா?' என்று நீங்களே விடையை எடுத்துக்கொடுக்காமல், 'என்ன நடந்துச்சுன்னு சொல்லு' என்று மட்டும் கேட்டு, அவன் சொன்ன சொற்களையே எழுதிவைத்து, அதே நாளில் பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் தெரிவியுங்கள்.

இதற்கெல்லாம் பாட நேரம் போகிறதே என்று தலைமை ஆசிரியர் கேட்கலாம். அமெரிக்க உளவியலாளர் ஜோசப் டர்லாக்கும் அவருடைய குழுவினரும் 2011இல் பள்ளிகளில் நடந்த 213 சமூக, உணர்வுத் திறன் திட்டங்களை (உணர்ச்சிகளைக் கையாளவும் பிறரோடு பழகவும் கற்றுத்தருபவை), 2,70,034 மாணவர்களின் தகவலோடு தொகுத்துப் பார்த்தார்கள். நடத்தை மேம்பட்டதோடு பாடத் தேர்ச்சியும் உயர்ந்திருந்தது: நூறு பேரை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் பிள்ளை 11 இடம் முன்னேறும் அளவுக்கு. வெளி நிபுணர் இல்லாமல் வகுப்பாசிரியர்களே நடத்திய திட்டங்களும் நல்ல பலன் தந்தன. கவுன்சலர் இல்லாத பள்ளிக்கு இந்தக் கடைசித் தகவல் முக்கியமானது.

முதல் வாரத்தில் ரகளை குறையாமல் கூடினால் பதற வேண்டாம். இதுவரை பலித்த வழி திடீரெனப் பலிக்காவிட்டால் சில பிள்ளைகள் அதை முதலில் இன்னும் பலமாக முயன்று பார்ப்பார்கள். பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். நீங்கள் கைவிட்டால் இன்னும் பெரிதாகக் கத்தினால்தான் நடக்கும் என்று அவன் கற்றுக்கொள்வான். வாரத்துக்கு நான்கு என்பது ஆறாவது வாரத்தில் இரண்டோ அதற்கும் கீழோ வந்தால் சரியான வழியில் போகிறீர்கள். ஓய்வு அட்டையை ஆறிலிருந்து நான்காகக் குறைக்கலாம், எழுத்தை மூன்று வரியிலிருந்து நான்காகக் கூட்டலாம். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள். எண்ணிக்கை அசையவே இல்லை என்றால் காரணத்தை நாம் தவறாகக் கணித்திருக்கலாம். பதிவை மறுபடி வாசித்துப் பாருங்கள், நிபுணரிடம் போவதை இன்னும் தள்ளாதீர்கள்.

அவன் அடுத்த வகுப்புக்குப் போகும்போது புதிய ஆசிரியருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுங்கள்: எது தூண்டுகிறது, முன்னறிகுறி என்ன, எத்தனை வரி தாங்குவான், எந்த வாக்கியம் உதவுகிறது, எதைச் சொல்லக் கூடாது. நீண்ட விடுமுறைக்குப் பிந்தைய முதல் வாரத்திலும், வேறு ஆசிரியர் வகுப்பு எடுக்கும் நாட்களிலும் பழைய நடத்தை கொஞ்சம் தலைகாட்டுவது வழக்கம். அந்த நாட்களில் மட்டும் ஓய்வு அட்டைகளைத் திரும்பவும் ஆறாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.